விசில் நம்பி

மேட்டகள்ளி பம்பு ஃபாக்டரியில் போய் நம்பி எங்கே என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. "விசில் நம்பி" என்று கேட்டுப் பாருங்கள், வாசலில் இளநீர் வெட்டுகிறவர்கூட வழி காட்டுவார். வேலை என்னவோ பர்சனல் ஆபீசில் லீவு லெட்டரும் கேண்டீன் டோக்கனும் பார்க்கிற வேலை. அங்கே அவர் பேச்சை ஒரு ஈ காக்காகூட மதித்தது கிடையாது. "மேலே கேட்டுச் சொல்றேன்" என்று அவர் தொண்டையைக் கனைப்பதற்குள் ஆட்கள் நேரே மேலே போய்க் கேட்டிருப்பார்கள்.

ஆனால் வருஷத்தில் ஒரு நாள் இருக்கிறதே, ஆயுத பூஜை! மிஷின்களுக்குக் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்து முடித்ததும் நம்பி கழுத்தில் விசிலோடு மைதானத்துக்கு வருவார். ஒரு ஊது ஊதினால் நானூறு பேரும் கப்சிப். எலுமிச்சம்பழ ஓட்டம், சாக்கு ஓட்டம், கடைசியாக மிஷின் ஷாப்புக்கும் அசெம்பிளிக்கும் கயிறு இழுக்கும் போட்டி. பதினெட்டு வருஷத்தில் ஆளுக்கு ஒன்பது தடவை ஜெயித்திருந்தார்கள். தோற்ற ஷாப் ஜெயித்த ஷாப்போடு தீபாவளி வரை பேசாது. போகப் போகத் தீபாவளிக்குப் பிறகும் பேசவில்லை. நம்பிக்கு அதில் பெருமைதான், ஆட்டம் அவ்வளவு சூடு என்று. கயிறு, சாக்கு, ஸ்பூன் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் பூட்டிச் சாவியைப் பூணூலில் முடிந்து வைத்திருந்தார்.

தொண்ணூற்றேழு ஆகஸ்டில் வந்து சேர்ந்தாள் ப்ரார்த்தனா. பெங்களூர்ப் பெண், இருபத்தாறு வயது. ஆட்களை விளையாட வைத்து ஒற்றுமையும் புது யோசனையும் வரவழைப்பதுதான் அவள் தொழிலாம். இதற்குப் படிப்பு வேறு இருக்கிறதாம்! பம்பெல்லாம் ஒழுகுகிறது என்று புகார் குவிந்து, மிஷின் ஷாப் அசெம்பிளியைக் கைகாட்ட, அசெம்பிளி மிஷின் ஷாப்பைக் கைகாட்ட, எம்.டி. கிருஷ்ணராஜ் சலித்துப்போய் அவளைக் கூப்பிட்டிருந்தார். "ஒரு நாள் நடத்தட்டும். நன்றாக வந்தால் மாசாமாசம் வரட்டும். ஆயுத பூஜை விளையாட்டையும் அந்தப் பெண்ணே பார்த்துக்கொள்ளட்டுமே" என்று நம்பியின் எதிரிலேயே சொன்னார். நம்பிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அந்த ஒரு நாளை நம்பித்தான் மனிதர் மீதி நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தார்.

சரஸ்வதிபுரத்து வீட்டில் மனைவி வத்ஸலா எண்ணெயை வார்த்தாள். "எந்தாத்துப் பொண்ணுன்னு கேட்டேளா?"

"மல்லேஸ்வரமாம். தாத்தா மேலுகோட்டையாம்."

"அப்போ நம்ம மனுஷான்னு சொல்லுங்கோ! ஒரு நாள் அழைச்சிண்டு வாங்கோன்னா, புளியோகரை பண்றேன்."

"ஆமா, அது ஒண்ணுதான் கொறச்சல்" என்று நம்பி துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

அந்த நாளும் வந்தது. இரண்டு ஷாப்பிலிருந்தும் நாற்பது பேர், எம்.டி. நாற்காலியில். ப்ரார்த்தனா நம்பியைப் பார்த்து, "வாங்கோ மாமா" என்றாள். மாமாவாம், மாமா! ஒவ்வொரு குழுவிலும் இரண்டு ஷாப் ஆட்களும் கலந்திருக்க வேண்டும், வெறும் தீப்பெட்டிகளை வைத்துக் கோபுரம் கட்ட வேண்டும் என்றாள். விசில் கிடையாது, பரிசு கிடையாது. இது ஒரு விளையாட்டா என்று நம்பி வாய்க்குள் சிரித்துக்கொண்டார்.

மிஷின் ஷாப் ஃபோர்மன் ஜடையனும் அசெம்பிளியில் ஒழுகல் பார்க்கிற காவேரியும் ஒரே குழுவில் மாட்டிக்கொண்டார்கள். நாலு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள். ஜடையன் ஹனூர்ப் பக்கத்து ஆள், குரல் எப்போதும் உச்சத்தில்தான். நாலாவது அடுக்கில் கோபுரம் ஆடியது.

"அந்தப் பெட்டிய திருப்பி வைங்கண்ணா, ஓரம் பிசிறா இருக்கு" என்றாள் காவேரி. வைத்தார், நின்றது. அவள் விடவில்லை. "உங்க பம்பு மூடியும் இப்படித்தான். சிலதுல ஓரத்துல பிசிறு நிக்குது, அதான் ஒழுகுது. எந்த மிஷின்ல இருந்து வருதுன்னு எங்களுக்குத் தெரியல."

"ஏம்மா, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"உங்க ஷாப்புக்குள்ள கால் வெக்க விட்டிருப்பீங்களாண்ணா?"

ஜடையன் தலையைச் சொறிந்தார். "செரி, நாளையிலிருந்து மிஷினுக்கொரு கலருங்க. மூடியில ஒரு பொட்டு பெயிண்ட் வெச்சு அனுப்பறேன். பிசிறு வந்தா கலரச் சொல்லு, அந்த மிஷினப் புடிச்சுக்கறேன்."

எம்.டி. எழுந்து நின்று கைதட்டினார். நம்பிக்குக் காதில் புகை வந்தது. யோசனை சொல்லுங்கள் என்று அவரே ஒரு பெட்டி செய்து கேண்டீன் சுவரில் மாட்டிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதில் விழுந்தது ஒரே ஒரு சீட்டு. வடை சின்னதாகிவிட்டது என்று எழுதியிருந்தது.

மத்தியானம் எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிவந்து அவள் அடிமடியிலேயே கை வைத்தாள். "மாமா, உங்க கயிறு கெடைக்குமா?" தொலைந்துபோயிற்று என்று சொல்ல நாக்கு துடித்தது. எம்.டி. பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுப் பெரிய வளையமாக்கினாள். எல்லோரும் சுற்றி நின்று பிடித்துப் பின்னால் சாய்ந்து, அப்படியே மெல்ல உட்கார்ந்து, மறுபடி எழுந்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே அளவு இழுத்தால்தான் எழ முடியும்.

முதல் தடவை பழக்கதோஷம், மிஷின் ஷாப் ஒரு பக்கம் இழுக்க அசெம்பிளி மறுபக்கம் இழுக்க, நாற்பது பேரும் தொபுக்கடீர் என்று விழுந்தார்கள். ஒரே சிரிப்பு. "இப்படி இழுக்க யார் கத்துக்கொடுத்தா?" என்று கேட்டாள். நாற்பது விரலும் நம்பியை நோக்கி நீண்டன. நம்பியும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

யாரோ ஒருத்தர் போன் வந்ததென்று போய்விட்டார். "ஒரு எடம் காலியா இருக்கு, வாங்கோ மாமா" என்றாள்.

பதினெட்டு வருஷமாகக் கயிற்றை எடுத்துக் கொடுத்தவர், ஒரு நாளும் பிடித்ததில்லை. நார் உள்ளங்கையில் நறநறவென்று அறுத்தது. எல்லோரும் சாய்ந்தார்கள், அவரும் சாய்ந்தார். உட்கார்ந்தார்கள். அந்த நிமிஷத்தில் புத்தி வேலை செய்தது. இப்போது கையை விட்டால்? எம்.டி. கண்ணெதிரே அத்தனை பேரும் மண்ணைக் கவ்வுவார்கள். போய் வா அம்மா என்று அவளைப் பஸ் ஏற்றிவிடுவார்கள், விசில் தன் கழுத்திலேயே இருக்கும். எல்லோரும் பாதி எழுந்தபோது, நம்பி விட்டுவிட்டார்.

கயிறு ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது. "புடிங்க! உட்றாதீங்க!" என்று ஜடையன் அலறினார். காவேரி காலை ஊன்றிப் பல்லைக் கடித்தாள். வளையம் ஒரு ஆட்டம் ஆடியது, அவ்வளவுதான். முப்பத்தொன்பது பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நம்பி மட்டும் மல்லாக்க மண்ணில் கிடந்தார். கண்ணாடி ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன ஆயிற்று?" என்று எம்.டி. எழுந்தார்.

ப்ரார்த்தனா ஓடிவந்து தூக்கிவிட்டாள். அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. நம்பி கண்ணை மூடிக்கொண்டார், மானம் போகப் போகிறது என்று.

"சார் வேணும்னேதான் விட்டாரு" என்று அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ஒருத்தர் விட்டா மத்தவங்க தாங்கறீங்களான்னு பாக்க நான்தான் கேட்டுக்கிட்டேன். தாங்கிட்டீங்க! சாருக்கு ஒரு கைதட்டல் குடுங்க. ஆயுத பூஜைக்கும் விசில் அவர்கிட்டயே இருக்கட்டும்."

தட்டினார்கள் பாருங்கள், மைதானம் அதிர்ந்தது. விசிலுக்குப் பயந்து நின்றவர்கள்தானே தவிர, இத்தனை வருஷத்தில் அவருக்கென்று ஒருத்தர் கைதட்டியதில்லை. ஜடையன் வந்து முதுகு மண்ணைத் தட்டிவிட்டார். நம்பிக்கோ உள்ளே முன்னைவிட அதிகமாக எரிந்தது. படுபாவி, பொய் சொல்வதைக்கூட இவ்வளவு அழகாகச் சொல்கிறாளே!

"அடி பட்டுடுத்தா மாமா?" என்று அவள் காதோரம் கேட்டாள்.

"இல்லை" என்றார்.

சாயங்காலம் வத்ஸலா காபியை நீட்டிக்கொண்டே, ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள். "யார் ஜெயிச்சா?"

"அதுல ஜெயிக்கறது தோக்கறதெல்லாம் கிடையாதுடி" என்றார் நம்பி. அப்படிச் சொன்னாரே ஒழிய, யார் தோற்றது என்று அவருக்குத் தெரியும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழமை அந்தப் பொண்ண வரச் சொல்லியிருக்கேன், புளியோகரை பண்ணு" என்றார்.