செல்வி எழுந்து நின்ற வெள்ளிக்கிழமை

கீழப்பழுவூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வாரம் முழுக்க வீட்டுப்பாடம் முடித்துவிட்டால், வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஸ்மார்ட் போர்டில் ஒரு புதிர் கேம் உண்டு. அதில் அடிதடி எதுவும் கிடையாது. குழாய்களைத் திருப்பித் திருப்பிச் செடிக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

அன்று தலைமையாசிரியை திடீரென்று உள்ளே வந்தார்.

"பள்ளிக்கூடத்துல கேமா, டீச்சர்?"

இன்றோடு இதை நிறுத்திவிடுவார் என்று பயந்துபோனேன். "நீங்களே ஒரு தடவ ஆடிப் பாருங்க மேடம்" என்றேன்.

அவர் குழாய்களைத் திருப்பினார். தண்ணீர் பாதியிலேயே நின்றது. மறுபடியும் நின்றது.

கணக்கு வகுப்பில் வாயே திறக்காத செல்வி சட்டென்று எழுந்தாள்.

"பெரிய டீச்சர், செடிலேர்ந்து பின்னாடி வாங்க! கடைசிக் குழாய மொதல்ல திருப்புங்க!"

திருப்பினார். தண்ணீர் பாய்ந்தது, செடி பூத்தது! பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. மேடமும் கைதட்டிவிட்டு, "அடுத்தத போடுங்க டீச்சர்" என்றார்.

செல்வியிடம் அதுவரை நான் விடையை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். எப்படி யோசிக்கிறாய் என்று கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள்.