பெர்மாஸ் ஜெயாவில் உட்கார்ந்து ஆல்ப்ஸ் மலையில் கூட்டம் கூட்டினேன்

கூட்டக் குறிப்பு எழுதுவது என்பது, பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தியதை ஒருவர் பின் ஒருவராக மரியாதையாகப் பேசியதுபோல் காட்டும் வேலை. கோயில் கமிட்டியிலோ, பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ, அடுக்குமாடி நிர்வாகத்திலோ, "உங்க கையெழுத்து நல்லா இருக்கு, நீங்களே எழுதிடுங்க" என்று இதைத் தலையில் கட்டிக்கொண்ட சக துன்பவாசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், நான் குறிப்பு எழுதும் கூட்டம் நடப்பது ஆஸ்திரியாவில்.

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே, பரோட்டாவின் தம்பியான ரொட்டி சானாய் போடும் கடை. ஐரோப்பாவின் மலை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு ஒன்று தன் எழுத்து வேலையை எங்களிடம் ஒப்படைத்திருக்கிறது. மண் கெடாமல் விவசாயம் நடக்க வேண்டும், ஊர்கள் காலியாகாமல் இருக்க வேண்டும், அதற்குப் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் கைகோக்க வேண்டும், இதுதான் அவர்கள் நோக்கம். படிவம் சரிபார்ப்பது, கடிதம் அடிப்பது, இணையத்தில் கூட்டம் கூட்டுவது, குறிப்பெழுதுவது எல்லாம், ஆங்கிலத்தில், எங்கள் பாடு. அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே பிற்பகல் மூன்று. நானோ பண்டார் தெங்காரா பக்கம் செம்பனைக் காட்டுக்குள் பிறந்தவள். என் வாழ்நாளில் நான் ஏறிய பெரிய உயரம், சிங்கப்பூர் போகும் வழியில் சோதனைச் சாவடி மாடிப்படி.

நூற்றுக்கு நூறு

சேர்ந்த புதிதில் ஒரு கட்டுப் படிவத்தை என் மேசையில் வைத்தார் எங்கள் மேலாளர் செல்வநாயகம் சார். சார் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் அரசாங்க உத்தியோகம். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பல் ஏறியதே அரசாங்க உத்தியோகத்துக்குத்தான். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் சாருக்கு அன்று சோறு இறங்காது.

'நிலத்தின் சரிவு எத்தனை விழுக்காடு?' என்று ஒரு கேள்வி. ஒரு விவசாயி நூறு என்று எழுதியிருந்தார். நூறு விழுக்காடு சரிவு என்றால் அது சுவர்தானே! பள்ளியில் கணக்குப் பாடத்தில் நூறு வாங்கியவளாக இருந்தால் விட்டிருப்பேன். வாங்காதவள் என்பதால் அந்த எண்ணைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம். 'உண்மையான எண்ணைப் போடவும்' என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பதிலோடு ஒரு படம் வந்தது. கூரைபோல் சாய்ந்த புல்வெளி, அதில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஓர் ஆள் புல் அறுக்கிறார். பத்தடி நடக்கும்போது பத்தடி உயரம் ஏறினால் அதுதான் நூறு விழுக்காடு என்று சார் தாளில் கோடு போட்டு விளக்கினார். அந்த விவசாயி கணக்கெல்லாம் சொல்லவில்லை. அவர் எழுதியது இவ்வளவுதான்: "எண்ணில் சந்தேகம் இருந்தால் என் அண்ணனைக் கேளுங்கள். போன வருடம் அந்த நிலத்திலிருந்து உருண்டவர் அவர்தான், இப்போது சமதளத்தில் குடியிருக்கிறார்."

வெயில் அடித்தால் விடுமுறை

எங்கள் பொறுப்பில் இருந்தது ஒரே பள்ளத்தாக்கின் மூன்று ஊர்கள். அவற்றின் நிஜப் பெயர்களைச் சொல்லிப் பார்த்து நாக்கு சுளுக்கிக்கொண்டதால், நானும் என் பக்கத்து மேசைக்காரி பரமேஸும் மேலூர், நடுவூர், கீழூர் என்று பெயர் வைத்துவிட்டோம். ஜூலையில் மூன்று ஊருக்கும் முதல் கூட்டம். எல்லாரும் வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். சார் கழுத்துப்பட்டை எல்லாம் கட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி, மூன்றே கால், மூன்றரை. திரையில் சார் முகம் மட்டும்தான்.

கடைசியில் கீழூர்த் தலைவர் மட்டும் வந்தார், அதுவும் வயல் நடுவிலிருந்து கைப்பேசியில். நல்ல வெயிலாம். வெயில் அடித்தால் புல் அறுத்துக் காயவைக்க வேண்டுமாம், குளிர்காலம் முழுக்க மாடுகளுக்கு அதுதானாம். மழை பெய்யும் நாளாகப் பார்த்துக் கூட்டம் வையுங்கள் என்றார். நம் ஊரில் மழை பெய்தால் யாரும் கூட்டத்துக்கு வருவதில்லை, அங்கே வெயில் அடித்தால் வருவதில்லை. அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் என் முதல் வேலை, அந்தப் பள்ளத்தாக்கில் மழை வருமா என்று கைப்பேசியில் பார்ப்பது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் சொட்டச் சொட்ட நனைந்த சட்டைகளோடு உள்ளே வந்து நின்றார். "நம்ம வீட்டுத் துணி பூரா நனையுது, நீ ஆஸ்திரியாவுல மழை பெய்யுதான்னு பாத்துக்கிட்டு இருக்கியா லா?"

மாட்டுக்கு முதல் மரியாதை

மழை நாளாகப் பார்த்துக் கூட்டினால் எல்லாரும் வந்தார்கள், ஆனால் பேசவில்லை. விஷயம் இதுதான். பாலைச் சேர்த்து ஒரே லாரியில் அனுப்ப மூன்று ஊரும் ஒரே கூட்டத்தில் சம்மதம் சொல்லி, அது குறிப்பில் ஏறினால், குளிர்காலத்திலும் பால் லாரி மேலூர் வரை ஏறும். சொல்லாவிட்டால் ஏறாது. மேலூரில் இருப்பது எட்டே வீடு. எட்டு வீட்டுப் பாலுக்காக யாரும் பனியில் லாரி ஓட்ட மாட்டார்கள். செப்டம்பர் கடைசிக்குள் முடிக்க வேண்டும். இதில் யாருக்கும் நட்டமில்லை. அப்படியிருந்தும் மேலூரின் ஹில்டா அம்மா வலது பக்கம் பார்த்தார், நடுவூரின் ஆன்டன் இடது பக்கம் பார்த்தார்.

கீழூர்த் தலைவர்தான் தனியாகக் கூப்பிட்டு விவரம் சொன்னார். கோடை முழுக்க மூன்று ஊர் மாடுகளும் மேலூர்ப் புல்வெளியில் மேயும். இலையுதிர் காலத்தில் பூ அலங்காரம் செய்து, பெரிய மணி கட்டி, ஊர்வலமாகக் கீழே இறக்குவார்கள். அந்த ஊர்வலத்தில் முன்னால் போவது யார் மாடு? கோடை முழுக்கப் பார்த்துக்கொண்டது நாங்கள் என்கிறது மேலூர். ஊர்வலம் போவது எங்கள் தெரு என்கிறது நடுவூர். இதில் இரண்டு ஊருக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. இத்தனை ஆயிரம் மைல் தள்ளி, கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மாலை என்கிற அதே சண்டை! ஒப்பந்தத்தில்கூட எந்த ஊர்ப் பெயரை முதலில் போடுவது என்று தகராறு வந்தது. அகர வரிசையில் போட்டேன், நடுவூர் ஒப்பவில்லை. உயர வரிசையில் போட்டேன், மேலூர் மட்டும் ஒப்பியது. பரமேஸ் கீழே போய்ப் பசியாறிவிட்டு வந்து ஒரு யோசனை சொன்னாள். "ரொட்டி சானாய் மாதிரி வட்டமா எழுதிடுங்கக்கா, எது ஆரம்பம்னு யாருக்கும் தெரியாது."

விலகுவதற்கு எந்தப் படிவம்?

செப்டம்பர் தொடக்கத்தில் ஹில்டா அம்மா என்னைக் கூப்பிட்டார். அறுபது வயதைத் தாண்டியவர், பதினொரு மாடு வைத்திருப்பவர். மாடுகளின் எண்ணிக்கை கேட்ட கட்டத்தில் பதினொரு பெயரையும் எழுதி அனுப்பியவர். அன்று அவர் புகார் எதுவும் சொல்லவில்லை. கூட்டமைப்பிலிருந்து விலகுவதற்குப் படிவம் உண்டா, எட்டு வீட்டுக்கும் எட்டு அனுப்ப முடியுமா என்று கேட்டார். லாரி வராவிட்டால் பாலை என்ன செய்வது, பனி விழுவதற்குள் மாடுகளை விற்றுவிட்டு எல்லாரும் கீழே இறங்கிவிடுவோம் என்றார். கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோல் கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வெளியேறச் சொன்னபோதும் இப்படித்தான், என் அப்பா எந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும்தான் கேட்டார். படிவம் தீர்ந்துவிட்டது, அச்சடிக்கக் கொடுத்திருக்கிறோம் என்று ஹில்டா அம்மாவிடம் வாய்கூசாமல் பொய் சொன்னேன். அவர் அதை அப்படியே நம்பினார். "சீக்கிரம் அனுப்புங்கள், மல்லிகா. நீளமான படிவமாக இருந்தால் இரண்டு நாள் முன்னதாகவே சொல்லுங்கள், எனக்குப் பால் கறக்கும் வேலை இருக்கிறது."

ஜமுவான் ரிங்கான்

மாதம் முடிய இன்னும் ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் நாள் இருந்தது. அன்று மழை வரும் என்று தெரிந்ததும் அவசர அவசரமாகக் கடிதம் அடித்தேன். புதிதாக அடிக்க நேரமில்லை. என் கணினியில் இருந்த பழைய கடிதம் ஒன்றை எடுத்துத் தேதியையும் பெயர்களையும் மாற்றினேன். அது என் மகள் படித்த தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காக நான் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்த கடிதம். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மணிக்குத் திரையைத் திறந்தோம். ஒருவரும் இல்லை. "வெயிலா?" என்றார் சார். "மழை சார், நல்லாப் பாத்தேன்" என்றேன். அப்போதுதான் பரமேஸ் கடிதத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். அவள் முகமே சரியில்லை. கடைசி இரண்டு வரிகளை நான் மாற்றவே இல்லை. இடம்: பள்ளி மண்டபம். சிற்றுண்டி வழங்கப்படும்.

நம் நாட்டில் எந்தக் கூட்டத்துக்கு அழைத்தாலும் கடைசி வரியில் 'ஜமுவான் ரிங்கான்', அதாவது சிற்றுண்டி, இருக்கும். அது இல்லாத கூட்டத்துக்கு ஈ காக்கா வராது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வரி உறுத்தவே இல்லை, என் கண்ணுக்கும் சரி, சாரின் கண்ணுக்கும் சரி. அந்தப் பள்ளத்தாக்கில் பள்ளி மண்டபம் இருப்பது நடுவூரில் மட்டும். மேலூர்க்காரர்கள் மழையில் மலையிறங்கி, பேச்சுவார்த்தை இல்லாத ஊருக்குப் போய், வெறும் மேசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். ஒரு ஊரையே நான் முடித்துவிட்டேன். சார் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "அலமாக், மல்லிகா! லெட்டர்ல என்ட சைன் அல்லவா கிடக்குது!"

யார் வீட்டு விருந்து?

நான்கு மணிக்கு ஹில்டா அம்மாவின் கைப்பேசியிலிருந்து காணொளி அழைப்பு வந்தது. திரையில் பள்ளி மண்டபம் நிறைய ஆட்கள். நீள மேசையில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சாப்பாடு. நடந்தது இதுதான். விருந்து நடுவூர் வைக்கிறது என்று நினைத்த மேலூர், அவர்களிடம் ஓசியில் சாப்பிட்டதாகப் பேர் வரக்கூடாதென்று பெரிய சக்கரம்போல் இரண்டு சீஸ் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறது. தங்கள் ஊர் மண்டபத்தில் வேறு யாரோ விருந்து வைப்பதா என்று நடுவூர் ரொட்டியும் இறைச்சியும் கொண்டுவந்திருக்கிறது. கீழூர் எதற்கும் இருக்கட்டும் என்று ஆப்பிள் கேக். அழைத்தது யார் என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. கேட்டால் கௌரவக் குறைச்சல். ஒரு மணி நேரமாக ரோஷத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆன்டன் திரைக்குள் முகத்தை நீட்டி, இந்த விருந்து யாருடையது என்று கேட்டார். பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பெர்மாஸ் ஜெயாவில் அடித்த தப்பு என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முதலில் கீழூர்த் தலைவர் சிரிக்க ஆரம்பித்தார், அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. ஆன்டனும் ஹில்டா அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் பார்த்தேன்.

அந்தச் சூட்டோடு நான் வாயைத் திறந்தேன். குறிப்பு எழுதுபவள் கூட்டத்தில் பேசக்கூடாது, தெரியும். எங்கள் கோயில் திருவிழாவில் பத்து நாளும் பத்துக் குடும்பத்தின் உபயம், ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கு முதல் மரியாதை, மாடுகளுக்கும் அப்படி வருடத்துக்கு ஓர் ஊர் என்று வைத்தால் என்ன என்று கேட்டேன். கசகசவென்று பேச்சு. சரி, இந்த வருடம் யார் என்றது ஒரு குரல். எல்லாரும் ஆன்டனைப் பார்த்தார்கள். அவர் ரொட்டியை மென்று முடித்துவிட்டுத்தான் சொன்னார். "இந்த வருடம் ஹில்டாவின் கிழட்டு மாடே முன்னால் போகட்டும். பின்னால் விட்டால் அது வந்து சேர்வதற்குள் எங்களுக்கு இருட்டிவிடும்."

அந்தக் கையோடு மூன்று ஊரும் லாரிக்கும் சம்மதம் சொன்னதைக் குறிப்பில் ஏற்றி, இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியாக, வழக்கம்போல் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டேன். ஹில்டா அம்மா கைப்பேசியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "ஜனவரியில் வையுங்கள், மல்லிகா. வழியெல்லாம் பனியாக இருக்கும், எங்கேயும் போக முடியாது, நாங்கள் எட்டு வீடும் மேலேதான் இருப்போம்."

எழுத்துப்பிழைகூட இல்லாமல் நான் அடித்த கடிதங்கள் எல்லாம் கோப்பில் தூங்கிக்கொண்டிருக்க, தப்பாக அடித்த ஒன்றே ஒன்றுதான் ஒரு ஊரைக் காப்பாற்றியிருக்கிறது.