யாகூப் நானாவின் பிறைக் கடிகாரம்

மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்ற யாகூப் நானாவைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் இருந்திருக்க முடியாது. தெரியாமல் இருக்க அவருடைய குரல் விடாது. இளகிய மனிதர்தான். மழைக்காலத்தில் காயாத மிளகைக் கொண்டுவந்து கொட்டினாலும் முகம் கோணாமல் வாங்கிக்கொள்வார். அவருடைய கடிகாரத்தைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்லக் கூடாது.

அவருடைய வாப்பா மீராசாஹிப் விட்டுப்போன வெள்ளிக் கடிகாரம் அது. சங்கிலி கோத்து இடுப்பு வாரில் செருகியிருப்பார். கடிகார முகத்தில் இங்கிலீஷில் 'ஸெய்ன் அன் கம்பெனி' என்று எழுதியிருக்கும். ஊர்ப் பெயர் கிடையாது. பின்மூடியைத் திறந்தால் உள்ளே பொடியாக ஒரு பிறை. முஸ்லிம் பெயர், பக்கத்துணைக்குப் பிறை, வேறென்ன அத்தாட்சி வேண்டும்? கலீபாவின் காலத்தில் இஸ்தான்புல்லில் ஒரு முஸ்லிம் செய்த கடிகாரம் என்று வாப்பா நம்பினார். மகன் அதை ஊர் முழுக்கச் சொன்னார். பிறைக்குப் பக்கத்தில் ஒரு கிரீடமும் இருந்தது. அது சுல்தானுடையதாம். சுல்தான் தலைப்பாகை அல்லவா கட்டுவார் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் புத்தி போகவில்லை.

நோன்பு மாதத்தில் எங்கள் சின்னத் தொழுகைப்பள்ளியான தைக்காவுக்கு அந்தக் கடிகாரம்தான் நேரம் சொல்லும். கஞ்சிக் கோப்பைகளை முன்னால் வைத்துக்கொண்டு எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருப்போம். நானா கையை உயர்த்தினால் மோதினார் பாங்கு சொல்லத் தொடங்குவார்.

ஐம்பத்திரண்டாம் வருஷ நோன்பில் அது நடந்தது. கொழும்பில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு வந்த தையற்காரர் பதுர்தீன் அன்று நானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தை எட்டிப் பார்த்து, சும்மா பேச்சுக்குச் சொன்னார்.

"நானா, இது சுவிஸ்காரன் செஞ்சதுங்க. கடைக்காரங்க கேட்டா அவங்க பேரயே முகத்துல போட்டுக் குடுப்பான். கொழும்புல பாத்திருக்கேன்."

நானாவின் முகம் சிவந்துவிட்டது. அதற்குள் நேரமும் ஆகிவிட்டது. கையை உயர்த்தினார், பாங்கு கேட்டது. பாங்கு கேட்டால் தாமதிக்காமல் நோன்பு திறப்பதுதான் முறை. பதுர்தீன் பேரீச்சம்பழத்தை வாய்க்குக் கொண்டுபோனார்.

"அத கீழ வை," என்றார் நானா. "எங்க வாப்பாவ பொய்க்காரன்னு சொல்லிட்ட. மன்னிப்புக் கேட்டுட்டு நோம்பத் தொற."

மற்றவர்கள் கையில் எடுத்த பழத்தோடு விழித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தின்றார்கள். பதுர்தீன் பழத்தைத் தட்டில் வைத்தார். "மன்னிச்சிக்கோங்க நானா," என்றார். அதன் பிறகுதான் தண்ணீரைக் குடித்தார். அடுத்த நோன்புக்கு முன் கடையைப் பலாபத்வலைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். எங்கள் தைக்காப் பக்கம் பிறகு வரவேயில்லை.

பல வருஷம் கழித்து, மிளகு நிறுக்கக் குனிந்தபோது கடிகாரம் நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்து நின்றுபோனது. நானா அதை மாத்தளை டவுனில் கடிகாரம் திருத்தும் ரபாயேலிடம் கொண்டுபோனார். ரபாயேல் கையைவிட வாயால் அதிகம் உழைக்கிறவர். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

"உள்ளுக்க அச்சு ஒடஞ்சிருச்சி முதலாளி. யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சாத்தான் வேற அச்சு தேடலாம்."

"முகத்துலயே எழுதியிருக்கே. ஸெய்ன்."

"அப்பிடி ஒரு கம்பெனி அச்ச நான் கண்டதே இல்லயே. முகத்த கழட்டிப் பாப்பமா?"

நானா அரை மனதோடு தலையாட்டினார். முகத்தட்டின் அடியில் ஒரு சின்ன மீன் முத்திரையும் 'அம்மான்' என்று படிக்கத்தக்க இங்கிலீஷ் எழுத்துகளும் இருந்தன. ரபாயேல் நெற்றியைச் சொறிந்தார். இந்த மீனை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று மேசை லாச்சியைக் கிளறி, திருத்த முடியாதென்று மாதா கோவில் பங்குச் சாமியார் விட்டுப்போன பழைய கடிகாரத்தை எடுத்தார். அதன் முகத்தில் கண்டியில் இருந்த ஒரு நகைக்கடையின் பெயர். அடியில் அதே மீன், அதே அம்மான். பின்மூடிக்குள் அதே பிறையும் கிரீடமும்.

"அப்ப நம்ம சாமியாரும் துருக்கியா முதலாளி?" என்று ரபாயேல் சிரித்தார்.

நானா சிரிக்கவில்லை. பிறையும் கிரீடமும் வெள்ளிக்கு அடிக்கிற ஜெர்மன் முத்திரை, ஜெர்மனியில் விற்கச் சுவிஸ்காரர்களும் அதை அடிப்பார்கள் என்றும், செய்தவன் அம்மான் என்கிற சுவிஸ்காரன், முகத்தில் இருப்பது விற்றவன் பெயர் என்றும் ரபாயேல் விளக்கிக்கொண்டே போனார். கடைசியில் சாமியாரிடம் கேட்டு, அந்தக் கடிகாரத்தின் அச்சையே எடுத்து இதற்குப் போட்டுக் கொடுத்தார். கடிகாரம் ஓடியது.

நானாவுக்குத்தான் ஓடவில்லை. கடையில் உட்கார்ந்து மிளகுச் சாக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது மணி கேட்டால் வெளியே வெயிலைப் பார்த்துச் சொல்வார். அவ்வளவு வெட்கம். அடுத்த நோன்பு நெருங்கியபோது, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு பலாபத்வலைக்குப் போனார்.

பதுர்தீன் மெஷினில் இருந்தார். எழுந்து ஸலாம் சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டார். நானா உட்காரவில்லை.

"பதுர்தீன், நீங்க சொன்னதுதான் சரி. சுவிஸ்காரன்தான் செஞ்சிருக்கான். நான் பெரிய பிழ செஞ்சிட்டேன்."

அவர் வாயிலிருந்து பதுர்தீனுக்கு 'நீங்க' வந்ததை அன்றுதான் கேட்டேன்.

பதுர்தீன் தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து வைத்தார். "கடியாரத்த யாரு செஞ்சா எனக்கென்ன நானா. அத அன்னைக்கே மறந்துட்டேன். பாங்கு சொன்ன பொறகு வாய்க்குப் போன பழத்த கீழ வைக்க வச்சீங்களே. எல்லாரும் தின்னுக்கிட்டே பாத்தாங்க. அதுதான் இன்னும் போகல."

அதை நானா ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

முதல் நோன்பன்று தைக்காவில் எழுந்து நின்று, கடிகாரத்தைச் செய்தவன் அம்மான் என்ற சுவிஸ்காரன் என்று எல்லோருக்கும் சொன்னார். சிரிப்பு எழுந்தது. "அம்மானுக்கு இப்ப மணி எத்தன நானா?" என்று ஒருவர் கேட்டார். நானாவும் சேர்ந்து சிரித்தார். பிறகும் நின்றுகொண்டே இருந்தார். உதடு அசைந்தது. பேரீச்சம்பழத்தைப் பற்றிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு அவர் முன்வரிசைக்கு வரவில்லை. கடிகாரத்தை மோதினாரிடம் கொடுத்துவிட்டு வாசலோரம் உட்கார்ந்துகொண்டார். பாங்கு கேட்டதும் நாங்கள் பழத்தை வாயில் போடுவோம். அவர் மட்டும் கையில் பிடித்துக்கொண்டே, கடைசி ஆள் தின்றுவிட்டாரா என்று வரிசை நெடுகப் பார்ப்பார். பார்த்த பிறகுதான் தன் பழத்தைத் தின்பார். மௌத்தாகி மண்ணுக்குப் போகும் வரை பதுர்தீன் வருகிறாரா என்று வாசலையும் பார்த்தார். பதுர்தீன் வரவில்லை.