எண்ணெய்ச் சட்டியின் சுவிட்சும் நானும்

பலகாரக் கடையில் வேலை செய்பவனுக்குப் பசி வராது, பயம்தான் வரும். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான், இரண்டாயிரங்களின் நடுவில், படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் பிராங்பேர்ட்டில் ஒரு யூதப் பலகாரக் கடையில் சேர்ந்தேன். முதல் மாதம் தகுதிகாண் காலம். யூத உணவு விதி ஒன்றை மீறினாலும் வீட்டுக்குப் போகலாம் என்றார் முதலாளி. வீடு வடக்கே ஹம் நகரில். அங்கே அம்மா.

கடலை வடை

ஃபலாபெல் என்றால் என்ன என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் விளக்கினேன். கொண்டைக்கடலையை ஊறவைத்து, அரைத்து, கொத்தமல்லி போட்டு, உருட்டி, பொரிக்க வேண்டும்.

"ஓம் தம்பி, விளங்குது. பட்டம் எடுத்துப்போட்டு கடலை வடை சுடுறாய். செத்தல் மிளகாயாவது போடுறவையோ?"

முட்டை

துருவிய உருளைக்கிழங்கில் முட்டை கலந்து பொரிப்பது லாட்கே. ஒவ்வொரு முட்டையையும் கண்ணாடிக் குவளையில் உடைத்து, இரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வீச வேண்டும்; இரத்தம் உண்ணக்கூடாது என்பது விதி. வேலை போய்விடுமே என்ற பயத்தில் நான் குவளையை விளக்குக்கு நேரே பிடித்து, சாய்த்து, மறுபடி நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே நின்றேன். விதிகளைக் கவனிக்கவென்றே கடையில் இருந்த தாடிக்கார மேற்பார்வையாளர் பொறுமை இழந்தார்.

"முட்டையில் இரத்தம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதன் எதிர்காலத்தைப் பார்க்கச் சொல்லவில்லை."

யார் சுவிட்சைப் போடுவது?

எங்கள் கடையில் மின்சார எண்ணெய்ச் சட்டியின் சுவிட்சை, விதிப்படி, யூதர் ஒருவர்தான் போட வேண்டும்; தினமும் போடுபவர் மேற்பார்வையாளர். பிறகு நான் எவ்வளவும் பொரிக்கலாம். தகுதிகாண் மாதத்தின் கடைசி நாள், மேற்பார்வையாளர் வந்த ரயில் வழியில் நின்றுவிட்டது. மதிய வரிசை வாசலைத் தாண்டியது. வெளியூரில் இருந்த முதலாளியை அழைத்தேன். "சுவிட்சைத் தொடாதே. கடையையும் மூடாதே" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

வேறு வழி தெரியவில்லை. வரிசையைப் பார்த்து, "உங்களில் யாராவது யூதர் இருக்கிறீர்களா?" என்று கேட்டேன். ஜெர்மனியில் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். இன்னொருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஓர் இளைஞன், தன் தாத்தா போர்க்காலத்தில் என்ன செய்தார் என்று தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவசரமாகச் சொன்னான்.

வாசலருகில் நின்ற முதிய பெண்மணி ஒருவர் கைப்பையைத் தூக்கிக் காட்டினார். வியர்வையோடு அவரை உள்ளே அழைத்து, சுவிட்சைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். அவர் அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் லாட்கே அவருக்குத்தான்.

"இந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லி, வரிசையில் முன்னுக்கு வந்தது இதுதான் முதல் தடவை."

அடுத்த நாள் வேலை நிரந்தரமானது. இப்போது ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாலும், தேநீர்க் கெண்டியின் சுவிட்சைப் போடுமுன் தகுதியானவர் யாராவது இருக்கிறாரா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.