மாமாவின் முதுகு

அத்தையின் கணவரை, அதாவது என் மாமாவை, நினைத்தால் அவருடைய இடுப்பை எடுத்த ஸ்கேன் படம்தான் முதலில் கண்ணுக்கு முன் வருகிறது. பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டுக்கு யார் போனாலும், காபி வருவதற்கு முன் அந்தக் கறுப்புப் படம் உறையைவிட்டு வெளியே வரும். கட்டிலில் சாய்ந்தபடியே அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, முதுகெலும்புகளுக்கு நடுவே பிதுங்கி நிற்கும் டிஸ்க் என்கிற வட்டை விரலால் தொட்டுக் காட்டுவார். பேரப்பிள்ளையின் போட்டோவைக்கூட அவர் அவ்வளவு பெருமையாகக் காட்டி நான் பார்த்ததில்லை.

தாலுகா அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே நிற்பவரை உட்காரச் சொல்லி அறியாத மனிதர். ஓய்வுக்குப் பிறகு அதிகாரம் செலுத்த அத்தை ஒருத்திதான் மிச்சம் இருந்தாள். அந்த நேரத்தில் இடுப்புவலி வந்து சேர்ந்தது. வலி பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை அவர் பதவி உயர்வு வந்ததுபோல ஏற்றுக்கொண்டார்.

எலும்பு டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். நரம்பு பாதிக்கப்படவில்லை, ஆபரேஷன் தேவையில்லை, கொஞ்ச நாள் மாத்திரை போட்டுக்கொண்டு தினமும் நடந்து, சொல்லித்தரும் பயிற்சிகளைச் செய்தால் போதும், படுத்தே கிடக்கக் கூடாது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் மாமா முகத்தைச் சுளித்தார். “நடன்னு சொல்லதுக்கு எதுக்குலே டாக்டரு?”

பிறகு இடுப்புப் பட்டை வந்தது. எடை கட்டி இழுக்கும் சிகிச்சை வந்தது. பாபநாசம் பக்கம் போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தார். மின்சாரத்தில் சூடாகும் ஒத்தடப் பை வந்தது. தன் உடம்பை அசைக்காமல் பிறர் செய்துவிடுகிற எந்த வைத்தியத்தையும் அவர் மறுத்ததில்லை. பட்டையை இறுக்குவது, எண்ணெய் தடவுவது, மெத்தையைத் தரைக்கும் கட்டிலுக்குமாக இழுத்துப் போடுவது, கொதிக்கிற வெந்நீரை வாளியில் சுமந்து குளியலறைக்குக் கொண்டுபோவது எல்லாம் அத்தை பாடு.

ஒருநாள் பிசியோதெரபி நிலையத்துக்கு மூவருமாகப் போனோம். அங்கேயும் அவர் இடுப்பில் கரண்ட் சிகிச்சை வைத்துக்கொள்வதோடு சரி. பயிற்சி என்றால் கண்ணை மூடிக்கொள்வார். அவருடைய பையையும் தலையணையையும் சுமந்து அத்தை பின்னால் வந்தாள். சிகிச்சை கொடுக்கும் பெண் மேலப்பாளையத்துக்காரி. அவள் அத்தையின் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அம்மா, ஒங்க ஒத்தச் செருப்பு வாசல்லயே கெடக்கு” என்றாள்.

இடது கால் செருப்பு கழன்று விழுந்தது அத்தைக்குத் தெரியவே இல்லை.

அந்தப் பெண் அவளை உட்காரவைத்து இரண்டு கால் பெருவிரல்களையும் மேலே தூக்கச் சொன்னாள். வலதுகால் விரல் எழுந்தது. இடதுகால் விரல் லேசாக அசைந்ததோடு நின்றுவிட்டது. வலி எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, “அது இருக்கும் வருசக்கணக்கா. வேலையோட வேலையா அது பாட்டுக்கு இருக்கு” என்றாள் அத்தை. திரைக்குப் பின்னாலிருந்து மாமா, தன் பையை எங்கே வைத்தாள் என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

அன்றே எலும்பு டாக்டரிடம் போய் அத்தைக்கு ஸ்கேன் எடுத்தோம். அவளுக்கு வட்டு நரம்பை அழுத்துகிறது, கால் இன்னும் பலவீனமானாலோ சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். அதுவரை மருந்தும் பயிற்சியுமாகச் சில வாரம் கவனித்துப் பார்க்கலாம், ஆனால் ஒரு வாளிகூடத் தூக்கக் கூடாது. இதைச் சொன்னபோது மாமா பட்டையைத் தளர்த்திக்கொண்டே, “அவளுக்கென்ன, வேலை செஞ்ச ஒடம்பு. தானாச் சரியாயிரும்” என்றார். மலிவான பேச்சு நிறையக் கேட்டிருக்கிறேன். அதைவிட மலிவாக எதையும் கேட்டதில்லை.

மறுநாள் காலை நான் அங்கே இருந்தேன். கூடத்தில் பாயை விரித்து மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, சொல்லித்தந்தபடி இடுப்பை மெல்லத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள் அத்தை. “ஏளா, வெந்நி என்னாச்சு?” என்றது கட்டில். அத்தை எழுந்திருக்கவில்லை.

“கொதிச்சுக் கெடக்கு. எந்திரிச்சுப் போய் எடுத்துக்கிடுங்க.”

மாமா முனகினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எழப்போனேன். “நீ இரு” என்றாள் அத்தை. கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்தார். பட்டைகூடக் கட்டாமல் சமையலறைக்கு நடந்தார். அரைவாளி தண்ணீரை மொண்டு தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். அவரைப் பார்த்த அத்தையின் பார்வையில் கோபம் இல்லை. கோபப்படும் அளவுக்கு அவரை அவள் மதிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து தன் வேலையைத் தானே பார்க்கும்படி ஆகிவிட்டதால் மாமாவின் வலி குறைந்தது. குணமாக்கியது பாபநாசத்து எண்ணெய் என்று சொல்லிக்கொண்டார். அத்தையின் விரல் பையப்பைய எழுந்தது. ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை. பாதத்தின் ஓரத்தில் மட்டும் மரமரப்பு இன்னும் இருக்கிறது.

போன மாதம் ஆழ்வார்திருநகரியில் ஒரு கல்யாணம். உறவுக்காரர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாமாவிடம் யோசனை கேட்டார். “படுக்காதீரும் வே. பேசாம நடயும். இவளையே நான் அப்பிடித்தான் சரியாக்குனேன்” என்றார் மாமா. உறவுக்காரர் அத்தையைப் பார்த்தார்.

“ஆமா” என்றாள் அத்தை. “எப்பிடி இருக்கக் கூடாதுன்னு படுத்துக் காட்டுனதே அவுகதான்.”

சொல்லிவிட்டு அவள் பந்தியைப் பார்த்து நடந்தாள். மாமா அதைப் பாராட்டு என்று எண்ணித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.