குளிர் காய்ந்த கை

இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (கூலிக்காரர்களின் வரிசை வீடு) பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இந்த மலைமேல் அட்டுவம்பட்டிச் சரிவில் ஆடுகூட நிற்காது என்று எல்லாரும் ஒதுக்கிய இடத்தில் கல் வைத்து வீடு எழுப்பினேன். பிறகு விடுதிகள், தண்ணீர்த் தொட்டிகள், எந்த மழைக்கும் மண்ணை இறங்கவிடாத சுவர்கள். நான் கட்டியதில் ஒன்றும் இதுவரை சாய்ந்ததில்லை. படித்த எஞ்சினியர்கள் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அத்தனையும் இந்த வலது கை செய்த வேலை. இதைச் சொல்லிவிட்டுத்தான் நோயைச் சொல்ல வேண்டும்.

போன மழைக்காலத்தில் பாசிக் கல்லில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. எலும்பு நன்றாகவே கூடியது. ஆனால் மாவுக்கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது என் கை இல்லை. விரல் முட்டிகளைக் காணோம். அழுத்தினால் பள்ளம் விழுந்து, யோசித்து யோசித்து நிரம்பியது. நீர் வீக்கம் (சதைக்கு நடுவே நீர் தங்கிவிடுவது) என்றார்கள்.

டாக்டரம்மா மலைக்குப் புதிது, சின்ன வயது. கையைக் கறுப்புத் துணிமேல் வைக்கச் சொல்லிச் சுற்றிலும் கேமராவை நகர்த்தினார். கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் (முன், பின், பக்கம் எல்லாம் சேர்ந்து தெரிவது) எழுந்தது. அதை வைத்துக் கை எவ்வளவு பருத்திருக்கிறது என்று அளந்துவிடலாமாம். வீங்கிய இடமெல்லாம் சிவப்பு.

திரையில் என் கை மெல்லச் சுழன்றது. அடிவாரத்துப் பாலசமுத்திரத்தில் நின்று காலை வெள்ளனே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலை மாதிரி. விரலுக்கு விரல் பள்ளத்தாக்கு. உள்ளே ஒரு மேகம் புகுந்து, வெளியேற வழி தெரியாமல் கிடப்பதுபோல் இருந்தது.

அழுத்த உறை (கையை இறுக்கிப் பிடிக்கும் துணி உறை) கொடுத்தார்கள். கையை உயர்த்தியே வைக்க வேண்டும். சேலைத் துணியில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுப் படுத்தேன். மத்தியானம் கண் அசந்தால் கை மட்டும் எழுந்து மூடுபனிக்குள் போய்விடும். எங்கோ கல் தட்டும் சத்தம் கேட்கும். யாருக்கோ சுவர் கட்டுகிறது, கூப்பிட்டால் திரும்பாது. விழித்துப் பார்த்தால் தொட்டிலில் களைத்துக் கிடக்கும்.

வீட்டில் வீக்கம் குறைவதுபோல் தெரிந்தது. ஆஸ்பத்திரிப் படத்திலோ அதே சிவப்பு.

"குறையவே இல்லையே, ஐயா. இப்படியே இருந்தா விரல் விறைச்சுப் போயிடும். அப்புறம் மடக்கவே முடியாது."

"சுவர் பூசக் கரணை பிடிக்க முடியுமாங்க?"

"சோறு பிசையறதே கஷ்டம்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "வீட்ல கைக்குச் சூடு ஏதும் வச்சீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "சூடு வைக்க நா என்ன மாடாங்க? ஒங்க மெசினத்தான் ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த முறையும் குறையாவிட்டால் மதுரைக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

அந்த அடுத்த முறைக்கு என் மனைவி ராசம்மாவும் கூட வந்தாள். படம் எழுந்தது. மறுபடியும் சிவப்பு. டாக்டரம்மா அந்தச் சூட்டுக் கேள்வியை அவளிடம் கேட்டார்.

"சூடெல்லாம் வைக்கலங்க. இங்க வர்றப்ப ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில குளிர் காஞ்சாரு, அம்புட்டுத்தான். எப்ப வந்தாலும் அந்தத் தீயிலயே கைய நீட்டிக்கிட்டுக் கெடப்பாருன்னு கடைக்காரரு சொல்றாரு."

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அதுதாம்மா சூடு!"

"குளிர் காயுறதும் சூடு வைக்கிறதும் ஒண்ணாங்க?" என்றேன்.

"உங்க கைக்கு ஒண்ணுதான், ஐயா. சூடு பட்டா ரத்தம் ஓடி வரும், வீக்கம் கூடும்."

"மெசினுக்கு நோவுன்னு சொன்னீகளாமே," என்றாள் ராசம்மா. "இப்பச் சொல்லுங்க."

தாழ்வாரப் பெஞ்சில் கையைத் தூக்கிப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஜன்னல் வழியே பனி உள்ளே வந்து, பெஞ்சைத் தடவிவிட்டுப் போனது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மறுபடி படம் எடுத்தார்கள். சிவப்பு கரைந்து, நடுவிரல் முட்டி மேலே தெரிந்தது. மேகம் விலகிய பாறை அது. மதுரைக்குப் போக வேண்டியதில்லை என்றார் டாக்டரம்மா. ராசம்மா என் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது விரல்கள் மடங்குகின்றன. ஆனாலும் கை பழைய ஆள் இல்லை. காலையில் நான் எழுந்து வெகுநேரம் கழித்தே அது எழுகிறது, நான் காத்திருக்கிறேன். ஒரு கல்லைத் தூக்கி வைப்பதற்குள் கீழே ஒரு மேகம் பள்ளத்தாக்கைக் கடந்துவிடுகிறது. அதையும் பார்க்கிறேன்.

கை வீங்கியவர்களே, படத்துக்குப் போகும்முன் தீப்பக்கம் போகாதீர்கள். படம் எடுக்கும் அறை வாசலில் இப்போது பலகை மாட்டியிருக்கிறார்கள்: 'குளிர் காய்ந்துவிட்டு வந்தீர்களா? முதலில் சொல்லுங்கள்.' அதைக் கண்டுபிடித்துச் சொன்னது தான்தான் என்கிறாள் ராசம்மா. தீயில் கையை நீட்டியது யார்? பலகையின் கீழே என் பெயர் வர வேண்டும். கேட்டால் டாக்டரம்மா சிரிக்கிறார். சிரித்தால் போதாது. பெயிண்ட்காரரை வரச் சொல்லுங்கள். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன், இந்த வலது கையால்.