அறுகென்று நம்பிய புல்

குளிர்காலம் முழுவதும் பனிக்குக் கீழே நசிந்து கிடந்த புல்லை வசந்தத்தில் முதன்முதலாக வெட்டும்போது ஒரு மணம் வரும். கோடையில் வெட்டும் புல்லில் இருக்கும் இனிப்பு அதில் இராது. நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டுப் பிறகு எடுத்து உதறினால் எப்படி மணக்குமோ அப்படி, பாசியும் மண்ணும் பழைய பெற்றோலும் கலந்து மூக்கில் ஏறும். இப்போதும் மார்ச் மாதத்தில் பஸ்ஸால் இறங்கி வேலைக்கு நடக்கும்போது எந்த வளவிலிருந்தாவது அந்த மணம் வந்தால் நான் ஜக்கெற்றின் கழுத்தை இழுத்து மூக்கை மூடிக்கொள்வேன். கூட வருகிறவர்கள் எனக்குக் குளிர்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஊரில் நாலாம் வகுப்பு வரை படித்ததும், இங்கே வந்த பிறகு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கற்றதும்தான் என் தமிழ். ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. பிள்ளையாரைக் கும்பிடாமல் வீட்டுப்படி இறங்கமாட்டேன். அந்தப் பிள்ளையாரோடு எங்கள் வீட்டுக்கு இருந்த ஒரு வழக்கைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

ஆரா நகரத்திலிருந்து பஸ் மலையேறிக் கடைசித் தரிப்பில் திரும்பும் இடத்தில், ஒரு பழைய கமக்கார வீட்டின் மேல்மாடியில் நாங்கள் இருந்தோம். கீழ்மாடியில் வீட்டுக்காரர் தனியாக இருந்தார். மாடு கன்றெல்லாம் விற்றுவிட்ட, முழங்கால் மடங்காத, அதிகம் பேசாத பெரியவர். வீட்டைச் சுற்றிப் பெரிய புல்தரை, அதற்கப்பால் அப்பிள் மரங்கள், அதற்கப்பால் காடு. அப்பா ஆராவில் ஒரு உணவகக் குசினியில் வேலை செய்துவிட்டு, சனிக்கிழமைகளில் அந்த வளவின் வேலைகளைச் செய்துகொடுப்பார். புல்வெட்டுவதும் அதில் ஒன்று.

மாசி மாதம் முடியும் வரை அங்கே "நெபல்" என்று நாங்களும் சொல்லப் பழகியிருந்த மூடுபனிதான். பள்ளத்தாக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அது கலைந்தால் "பீஸக் காத்து" வரும். வடகிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்றில் வெயிலும் சேர்ந்தே வரும், ஆனால் அந்த வெயிலில் சூடு இருக்காது. கொடியில் போட்ட துணி பலகைபோல விறைத்து நிற்கும். வீட்டுக்காரருக்குச் சில சட்டங்கள் இருந்தன. படலையடியில் நின்ற பற்றை மஞ்சளாகப் பூக்கும் வரை புல்வெட்டும் மெஷின் "கெல்லர்" என்ற நிலவறையை விட்டு வெளியே வரக்கூடாது. அகழெலி கிளப்பிய மண்குவியல்களை முதலில் வாரிவிட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தொடவே கூடாது.

பீல் நகரத்தில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, வரும்போதெல்லாம் அப்பாவைச் சீண்டுவார்.

"அத்தான், ஊரில மாட்டுக்குப் புல்லு வெட்டினீங்கள். இஞ்ச புல்லுக்குப் பெற்றோல் குடுத்து வெட்டிப்போட்டு, வெட்டினதைக் குப்பையில எறியிறீங்கள். மாட்டுக்குத் தெரிஞ்சா அழும்."

"நீ மணிக்கூடு செய்யிறாய், ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. பேசாமல் தேத்தண்ணியைக் குடி" என்பார் அப்பா.

நான் சொல்லவந்த அந்த வருடம் அந்தப் பகிடிகள் குறைந்துபோயின. என் தம்பிக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. மார்கழியில், நத்தாருக்கு முன்பு, காய்ச்சல் என்று கொண்டுபோன பிள்ளையை ஆராவில் "ஸ்பிட்டால்" என்ற ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். இரத்தத்தில் வருத்தம் என்றார்கள். எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. அம்மாவின் தலைமுடி வாரப்படாமல் இருந்ததில் நான் விளங்கிக்கொண்டேன்.

எங்கள் சாமியறை என்பது குசினி அலுமாரியின் மேல்தட்டு. ஊரிலிருந்து பழந்துணியில் சுற்றிக் கொண்டுவந்த சின்ன மண் பிள்ளையார் ஒன்று அங்கே இருந்தது. தம்பிக்குத் தலைமயிர் கொட்டத் தொடங்கிய கிழமை அம்மா நேர்த்தி வைத்தா. தம்பி இந்தப் புல்தரையில் தன் காலால் நடக்கும் வரை வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளையாருக்கு அறுகம்புல் மாலை. அந்தக் காலத்தில் இங்குள்ள தமிழ்க் கடைகளில் முருங்கைக்காயே எப்போதாவதுதான் வரும். அறுகுக்கு எங்கே போவது?

வீட்டின் தெற்குச் சுவரோரம் ஒரு மூலை இருந்தது. சுவரில் வெயில் பட்டு அங்கேதான் பனி முதலில் உருகும். மற்றப் புல் எல்லாம் மஞ்சளாகச் செத்துக் கிடக்க, அந்த மூலையில் நீட்டுப் புல் ஒன்று பச்சையாக நிமிர்ந்து நின்றது. அம்மா குனிந்து ஒரு நுனியைக் கிள்ளி அப்பாவிடம் நீட்டினா.

"என்னப்பா, இது அறுகு எல்லோ?"

அப்பா வாங்கிப் பார்த்தார். காற்று ஊதிக்கொண்டிருந்தது. "ஓம்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து மாலை தொடங்கியது. சில நாள் புல்லின்மேல் மறுபடி பனி கொட்டிக் கிடக்கும். அம்மா கையுறை போடமாட்டா; சாமிக்குக் கிள்ளுவது வெறுங்கையால்தான் என்று பனியைத் துடைத்துத் துடைத்துக் கிள்ளுவா. குசினிக்குள் வந்து விரல் விறைப்பு அடங்கும் வரை கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நிற்பா. பிறகு நூலில் கட்டுவா.

படலையடிப் பற்றை பூத்தது. பனி காய்ந்ததும் அப்பா மெஷினை வெளியே உருட்டி வந்து முதல் வெட்டைத் தொடங்கினார். முழுவதையும் வெட்டிவந்து, அந்த மூலைக்கு வந்ததும் மெஷினை வளைத்துச் சுற்றிக்கொண்டு போனார். கட்டிலளவு இடம் வெட்டாமல் நின்றது. வீட்டுக்காரர் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து அதைப் பார்த்தார். அது களைகளிலேயே மோசமானது, நிலத்துக்குக் கீழால் ஓடி முழுத் தரையையும் பிடித்துவிடும், வெட்டுவது மட்டுமில்லை, கிண்டியே எடுக்க வேண்டும் என்றார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

"அது கடவுளின்ர புல்லு எண்டு சொல்லு" என்றார் அப்பா. நான் சொன்னேன். வீட்டுக்காரருக்கு விளங்கவில்லை. "தம்பிக்காக எண்டு சொல்லு" என்றார் அப்பா. அது அவருக்கு விளங்கியது. மேல்மாடி யன்னலை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரி, பையன் வீட்டுக்கு வரும் வரைக்கும்" என்றார்.

தம்பி ஒரே ஒரு தரம் வந்தான். பங்குனிக் கடைசியில் ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுபோய்வர விட்டார்கள். தலையில் கம்பளித் தொப்பி. முகம் வெள்ளைத் துணி மாதிரி. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு நேராகப் புல்தரைக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி, கக்கத்தில் பிடித்தபடி நிறுத்தினா.

"நடவடா குட்டி. ஒரு அடி வையடா. அம்மாட்ட வா."

அவன் கால் புல்லில் பட்டதும் குளிரில் கூசி இரண்டு காலையும் மடித்துக்கொண்டான். அம்மா திரும்பத் திரும்ப நிறுத்தினா. அவன் திரும்பத் திரும்பக் குந்திவிட்டான். கடைசியில் அப்பா அவனைத் தூக்கி, வெட்டாமல் விட்ட அந்த மூலையில், புல் மெத்தென்றிருந்த இடத்தில் தன் ஜக்கெற்றை விரித்து இருத்தினார். அவன் புல்லைப் பிடுங்கி அப்பாவின் சப்பாத்தின்மேல் ஒவ்வொன்றாக வைத்து விளையாடினான். பிறகு காற்று எழும்பியது. "காணும், உள்ளுக்குக் கொண்டுவாங்கோ" என்றா அம்மா. பின்னேரம் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள்.

சித்திரை பிறப்பதற்கு முன்பே அவன் போய்விட்டான்.

சின்னப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை. அந்த ஊர் மயானத்தில் புதைத்தோம். அன்றும் "பீஸ" தான். எங்களோடு வந்து நின்ற வீட்டுக்காரர் தொப்பியைக் கையில் வைத்திருந்தார். அவருடைய மெல்லிய வெள்ளைத் தலைமயிர் காற்றில் நெட்டாக எழும்பி நின்றதை நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன், பெட்டியைப் பார்க்கவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த மாமாவும் மாமியும் எங்களோடு தங்கினார்கள். மாமி அந்தக் குளிர்காலத்தில்தான் ஊரிலிருந்து வந்து சேர்ந்தவா. துடக்கு வீடு என்பதால் அலுமாரித் தட்டில் விளக்கு இல்லை. ஒரு காலை, தேயிலைப் பேணி எடுக்கப்போன மாமி காய்ந்துபோன மாலையைக் கண்டுவிட்டா.

"மச்சாள், இது என்ன மாலை?"

"அறுகு" என்றா அம்மா. அத்தனை நாளில் அம்மா வாய்திறந்து சொன்ன சில சொற்களில் அதுவும் ஒன்று.

"இது அறுகில்லையே மச்சாள். இலை இவ்வளவு அகலமாய் வராது. இது வேற என்னவோ புல்லு."

"வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியைப் போடும்" என்றார் மாமா. ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. மாமி பாவம், என்ன செய்தோம் என்று தெரியாமல் பேணியைப் பிடித்தபடி நின்றா.

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினா. அப்பாவின் ஆட்கள் வெங்காயத் தோட்டக்காரர். சின்ன வயதில் முழுநாளும் தோட்டத்தில் குந்தியிருந்து அறுகு பிடுங்கி வளர்ந்தவர் அவர். அவருக்கு அறுகு தெரியாமல் இருக்க வழியில்லை. அது அந்த நேரத்தில்தான் அம்மாவுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

அப்பா மாலையைப் பார்த்தார்.

"தெரிஞ்சால் தெரியும் எண்டு சொல்லுங்கோ."

"தெரியும்."

"பிறகேன் ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

"நீர் அந்தப் புல்லைக் காட்டேக்க உம்மட முகத்தைப் பாத்தன்" என்றார் அப்பா. "வேற என்னத்தைச் சொல்ல?"

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் நல்லாயிருக்கும். "பிள்ளையாரை ஏமாத்திப்போட்டன்" என்றா, யாருக்கோ கணக்குச் சொல்வதுபோல. "கிழமைக்குக் கிழமை கண்ட புல்லையும் கட்டிப் போட்டுப் பேய்க்காட்டிப்போட்டன். அவர் என்னெண்டு பிள்ளையைத் தருவார்?" அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அந்தப் புல்லு இனி அதில நிக்கக்கூடாது. வெட்டுங்கோ" என்றா.

அது ஞாயிற்றுக்கிழமை. ஊர்த் தேவாலய மணி அப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது. அப்பாவுக்கு அது தெரியாமல் இல்லை. இறங்கிப்போய் மெஷினை உருட்டிவந்து கயிற்றை இழுத்தார். இரண்டு மூன்று இழுவைக்குப் பிறகு அது பிடித்துக்கொண்டது. அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாய் குரைத்தாலே யன்னல்கள் திறக்கும். அன்று புல் ஈரம். வெட்டாமல் வளர்ந்த நீட்டுப் புல். மெஷின் திணறித் திணறி நின்றது. அப்பா நிமிர்த்தி, அடியில் அடைந்த புல்லைக் கையால் வழித்தெறிந்துவிட்டு மறுபடி இழுத்தார். அந்த ஈரச்சாக்கு மணம் மேல்மாடி வரை வந்தது.

வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பேசப்போகிறார் என்று நான் மொழிபெயர்க்க ஆயத்தமாகப் படியில் இறங்கி ஓடினேன். அவர் அப்பாவைப் பார்த்தார், வெட்டுப்படும் மூலையைப் பார்த்தார். பிறகு எங்களைக் கடந்து படலையடிக்குப் போய், தெருவைப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். சற்று நேரத்தில் அயல் கமக்காரர் கோபமாக நடந்து வந்தார். வீட்டுக்காரர் அவரிடம் என்ன சொன்னாரோ, மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. வந்தவர் தொப்பியைக் கழற்றி, ஒரு கணம் நின்று, திரும்பிப் போய்விட்டார். அப்பா முடித்து மெஷினை நிறுத்தும் வரை வீட்டுக்காரர் அந்தப் படலையை விட்டு நகரவில்லை.

அந்த வருடம் முழுவதும் எங்கள் வீட்டில் விளக்கு எரியவில்லை. துடக்குக் கழிந்த பிறகும் அம்மா அலுமாரி மேல்தட்டின் கதவைத் திறக்கவில்லை. நான் பள்ளிக்குப் போகுமுன் பூட்டிய அலுமாரிக் கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவேன்.

ஆனால் வீட்டுக்காரர் சொன்னது சரி. அந்தப் புல் வெட்டினால் சாகிற சாதியில்லை. அடுத்த வருடம் நெபல் கலைந்தபோது, தெற்கு மூலையில் அது முன்னைவிட அடர்த்தியாக நின்றது. வீட்டுக்காரர் அதைக் கிண்டச் சொல்லவில்லை. அப்பாவும் முதல் வெட்டின்போது மெஷினை வளைத்துச் சுற்றிக்கொண்டு போனார். அந்த வெள்ளிக்கிழமை நான் பள்ளியால் வந்தபோது அலுமாரிக் கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. பிள்ளையாரின் கழுத்தில் அதே புல்லில் கட்டின மாலை. அப்பா வேலைக்குப் போகாமல் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அறுகில்லை எண்டு தெரியும்தானே" என்றார் மெல்ல.

"அவருக்கும் தெரியும்" என்றா அம்மா. "போன வருசமும் தெரிஞ்சுகொண்டுதான் வாங்கினவர். வாங்கிவைச்சுக்கொண்டுதான் பிள்ளையையும் எடுத்தவர். இனி நான் அவரிட்ட ஒண்டும் கேக்கமாட்டன். விளக்கு மட்டும் வைக்கிறன்."

அம்மா இன்றுவரை அந்தச் சொல்லில்தான் நிற்கிறா. எனக்குக் கலியாணம் ஆனபோதும், அப்பா போனபோதும், அவ பிள்ளையாரிடம் ஒன்றும் கேட்டதாக நான் அறியவில்லை. நான் கேட்கிறவள், பிள்ளைகளுக்காக, வேலைக்காக எல்லாவற்றுக்கும் கேட்பேன். அம்மாவின் பக்தியையும் என் பக்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பெரிதென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவ கும்பிடும்போது நான் சத்தம் போடுவதில்லை.

வீட்டுக்காரர் இப்போது இல்லை. அந்த வீட்டை வாங்கினவர்கள் தெற்கு மூலைக்குக் கருங்கல் சல்லி கொட்டிவிட்டார்கள். மற்றத் தரையில் ஆமை மாதிரி ஒரு மெஷின் தன்பாட்டில் சத்தமில்லாமல் ஊர்ந்து வெட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமையும் வெட்டுமோ தெரியாது. வெட்டினாலும் ஒருவருக்கும் கேட்காது. ஆராவில் இப்போது வெள்ளிக்கிழமைகளில் பொதி செய்த அறுகு விமானத்தில் வந்து இறங்குகிறது. நான் வாங்கிக்கொண்டு வருவேன். அம்மா மறுப்புச் சொல்லாமல் கட்டிப் போடுவா.

இந்த நாட்டில் கல்லறைக்கும் தவணை உண்டு. தவணை முடிந்து, தம்பியின் கல்லை எடுத்து, நிலத்தை நிரவிப் புல் விதைத்துவிட்டார்கள். அவனோடு கிடந்த மற்றப் பிள்ளைகளின் கற்களும் இல்லை. எல்லாம் ஒரே பச்சை. எந்த இடம் என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும். சுவரிலிருந்தும் தண்ணீர்க் குழாயிலிருந்தும் பார்த்துச் சரியாகப் போய் நிற்பா.

இந்த மார்ச்சில் போனபோது காற்று முகத்தை அறுத்தது. அம்மா அந்த இடத்தில் நின்றுகொண்டிருக்க, நகரசபை ஆள் ஒருவன் ஏறியோட்டும் மெஷினில் வருடத்தின் முதல் வெட்டுக்கு வந்தான். அம்மாவைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, சுற்றிப் போகிறேன் என்று கையால் காட்டி, அப்பா வளைத்ததைப் போலவே வளைக்கத் தொடங்கினான். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினா. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, காலடியில் ஒரு புல்லைக் கிள்ளி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா.

"இதுவும் அறுகில்லை" என்றா. புல்லைக் கீழே விட்டுவிட்டு என் கையைப் பிடித்து நடைபாதைக்கு வந்தா. "அவன் வெட்டட்டும், பிள்ளை."